காசு கொடுத்தவர் யார்? அனிமேக்குப் புதிதாக வருபவர்களுக்கு

அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களும் படங்களும், பார்க்கத் தொடங்குகிறவர்கள் கையில் முதலில் வந்து சேர்வது ஒரு பட்டியல். ஷோனென் என்றால் சிறுவர்களுக்கு, ஷோஜோ என்றால் சிறுமிகளுக்கு, செய்னென் வளர்ந்த ஆண்களுக்கு, ஜோசேய் வளர்ந்த பெண்களுக்கு. பிறகு, ரோபோக்கள் வந்தால் மெக்கா, செத்துப்போய் வேற்றுலகில் பிறந்தால் இசெகாய், ஒன்றுமே நடக்காவிட்டால் அன்றாட வாழ்க்கை. இதைப் படித்துவிட்டு "எனக்கு எது ஒத்துவரும்?" என்று கேட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பட்டியலைக் கிழித்துப் போட வேண்டும் போல இருக்கும். அதில் உள்ள எதுவும் பொய் இல்லை. ஆனால் துப்பறியும் கதை, பேய்க்கதை, காதல் கதை என்று நாம் பிரிப்பதைப் போல அவை பிரிக்கப்பட்டவை அல்ல. பாதிப் பெயர்கள், கதை முதலில் எந்தப் படக்கதைப் பத்திரிகையில் வந்தது என்பதைச் சொல்கின்றன. சில, எந்தப் பொம்மையை விற்க எடுத்தார்கள் என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன. கதைக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்பவை மிகக் குறைவு.

ஆகவே நான் சொல்லும் வழி வேறு. ஒரு தொடரைப் பார்ப்பதற்கு முன் அதற்குக் காசு கொடுத்தவர் யார் என்று கேளுங்கள். பத்திரிகையா, பொம்மைக் கம்பெனியா, இசைத்தட்டு நிறுவனமா, புத்தகப் பதிப்பகமா? பாதிக் கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். இதை நான் பல காலமாகச் சொல்லிவருகிறேன். கோவையில் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகளுக்கு இது அறவே பிடிக்காது. "கதை பார்க்க உட்கார்ந்தால் நீங்கள் கணக்குப்பிள்ளை வேலை பார்க்கிறீர்கள், அத்தை" என்றாள் ஒருநாள். சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அவள் பிறகு கேட்ட இன்னொரு கேள்வியை அப்படி நகர்ந்து தாண்ட முடியவில்லை. அதற்கு வருகிறேன்.

பத்திரிகையின் விலாசம்

ஷின்சானில் தொடங்கலாம். தமிழ் பேசிக்கொண்டு நம் வீட்டுக் கூடங்களுக்குள் வந்த அந்த ஐந்து வயது வாண்டைக் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி என்றுதான் நாம் எடுத்துக்கொண்டோம். யோஷிதோ உசூய் 1990இல் அதை வரையத் தொடங்கியது 'வீக்லி மங்கா ஆக்ஷன்' என்ற பத்திரிகையில். வளர்ந்த ஆண்கள் வாங்குகிற வார இதழ் அது. அலுவலகம் முடிந்து ரயிலில் வீடு திரும்புகிற ஒருவன் தன் வீட்டுக் கடனையும், பீரையும், மனைவியின் தள்ளுபடி விற்பனை மோகத்தையும் நினைத்துச் சிரிப்பதற்காக எழுதப்பட்ட கதை. பிறகு அது தொலைக்காட்சிக்கு வந்து, குழந்தைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஜப்பானியப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கருத்துக்கணிப்புகளில், பிள்ளைகள் பார்ப்பதைப் பெற்றோர் விரும்பாத நிகழ்ச்சிகளின் வரிசையில் ஷின்சான் பல ஆண்டுகள் இடம்பிடித்தது இதனால்தான். நம் ஊர் அம்மாக்கள் முணுமுணுத்ததும் அதே காரணத்துக்காகத்தான்.

இன்னும் வேடிக்கை உண்டு. பள்ளி இசைக்குழுவைச் சேர்ந்த பெண்கள் வாத்தியங்களை ஓரமாக வைத்துவிட்டுக் கேக் தின்று தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் 'கே-ஆன்!', பத்திரிகைக் கணக்கில் வளர்ந்த ஆண்களுக்கான செய்னென். குறிப்பேட்டில் பெயரை எழுதி ஆட்களை வரிசையாகக் கொல்லும் 'டெத் நோட்' சிறுவர்களுக்கான ஷோனென். வைக்கிங் காலத்துப் பழிவாங்கல் கதையான 'வின்லாண்ட் சாகா' 2005 ஏப்ரலில் ஷோனென் வார இதழ் ஒன்றில் தொடங்கியது. வாரா வாரம் வரைந்து கொடுக்கிற வேகம் அதன் ஓவியர் மகோதோ யுகிமுராவுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதே ஆண்டு இறுதியில் 'ஆஃப்டர்நூன்' என்ற செய்னென் மாத இதழுக்கு மாறிவிட்டார். கதையும் பாத்திரங்களும் அப்படியே இருக்க, வகை மட்டும் மாறிவிட்டது.

அதற்காக இந்தப் பெயர்கள் பயனற்றவை என்று சொல்ல வரவில்லை. பத்திரிகை தெரிந்தால் அதன் பழக்கவழக்கம் தெரியும். 1968இல் தொடங்கிய 'ஷோனென் ஜம்ப்', 1990களின் நடுவில் 65 லட்சம் பிரதிகளைத் தாண்டிய பூதம். ஒவ்வொரு இதழோடும் வாசகர் அஞ்சலட்டை வரும். பிடித்த கதைகளை எழுதி அனுப்ப வேண்டும். வரிசையில் கீழே போகும் கதை, தொடங்கிச் சில மாதங்களுக்குள் காணாமல் போகும். ஒவ்வொரு வாரமும் பிழைத்தால்தான் அடுத்த வாரம் என்ற நிலையில் எழுதப்படும் கதையில் போட்டிகளும், திடீர் எதிரிகளும், பதற வைத்து நிறுத்தும் கடைசிப் பக்கமும் இல்லாமல் வேறென்ன இருக்கும்? நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, அடிபட்டு, பயிற்சி எடுத்து, மீண்டும் வந்து ஜெயிக்கும் அந்தச் சட்டகம் ஜப்பானியப் பண்பாட்டின் ஆழத்திலிருந்து ஊறிவந்தது என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அஞ்சலட்டையிலிருந்து வந்தது என்பேன் நான்.

இந்தப் பத்திரிகைக் கதைகளை ஆண்டு முழுவதும் வாராவாரம் தொலைக்காட்சித் தொடராக ஓட்டியபோது வேறொரு சிக்கல் வந்தது. தொடர் ஓடி ஓடி மூலக் கதையின் குதிகாலைத் தொட்டுவிடும். எனவே இழுக்க வேண்டும். 'டிராகன் பால் இசட்'டில் இன்னும் ஐந்து நிமிடத்தில் வெடித்துவிடும் என்று வில்லன் அறிவித்த நமேக் கோள், பல வாரங்கள் கடந்தும் வெடிக்காமல் தாக்குப்பிடித்தது. இன்று பெரும்பாலான தொடர்கள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று காலாண்டுக் கணக்கில் 12 அல்லது 13 எபிசோடுகளாக வந்துவிட்டு, கதை சேர்ந்த பிறகு திரும்பி வருகின்றன. பழைய தொடர்களுக்கு நூற்றுக்கணக்கில் எபிசோடுகள் இருப்பதைப் பார்த்து மிரள்கிறவர்கள் இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்தால் போதும்.

பொம்மைக்காக ஒரு போர்

ரோபோக் கதைகளின் மூலதனம் இரும்பு. 1972 டிசம்பரில் வந்த 'மசிங்கர் இசட்', மனிதன் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் ராட்சத ரோபோவைத் தொலைக்காட்சியில் நிலைநிறுத்தியது. 1974இல் அதன் உலோகப் பொம்மை கடைகளுக்கு வந்து விற்றுத் தீர்ந்தது. அதன்பின், பொம்மைக் கம்பெனி பணம் போடும், ஸ்டுடியோ கதை செய்யும், ஒவ்வொரு வாரமும் ரோபோ ஏதாவது புது ஆயுதத்தைக் காட்டும் என்று ஒரு ஏற்பாடு உருவானது. சிறுமிகள் பக்கமும் இதே கதைதான். 2004இல் தொடங்கி இன்றுவரை ஞாயிறு காலைகளில் வரும் 'ப்ரிக்யூர்' வரிசையில் ஆண்டுதோறும் புதுக் கதாநாயகிகளும், அவர்களோடு உருமாற்றக் கருவி என்ற பெயரில் புதுப் பொம்மைகளும் வருகின்றன.

இந்த ஏற்பாட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே ஒருவர் செய்த திருட்டுத்தனம்தான் 1979 ஏப்ரலில் வந்த 'மொபைல் சூட் குண்டம்'. இயக்குநர் யோஷியுகி தொமினோ. விளம்பரதாரர் குளோவர் என்ற பொம்மை நிறுவனம். அவர்களுக்கு வேண்டியது நல்ல ரோபோவும் கெட்ட ரோபோவும் மோதும் தொடர். தொமினோ கொடுத்தது, மனித குலத்தில் பாதி செத்துப்போன ஒரு போர். அதில் எதிரிகளுக்கும் முகமும் குடும்பமும் இருந்தன. இயந்திரத்தில் ஏற மாட்டேன் என்று முரண்டுபிடிக்கும் சிறுவன்தான் நாயகன். பார்வையாளர் விகிதம் சரிந்தது, பொம்மைகள் எதிர்பார்த்தபடி போகவில்லை. 52 எபிசோடுகளுக்குத் திட்டமிட்டதை 43இல் முடிக்கச் சொல்லிவிட்டார்கள். நடுவில் விற்பனையை ஏற்றுவதற்காக ஜி-ஆர்மர் என்ற கூடுதல் வண்டி ஒன்றைக் கதைக்குள் நுழைத்தார்கள். வந்து ஒட்டிக்கொள்ளும், பிரியும், மறுபடி ஒட்டிக்கொள்ளும். அந்தக் காட்சிகளைப் பார்க்கும்போது போர்க்களத்தில் யாரோ விளம்பரத் துண்டறிக்கை கொடுப்பது போலவே இருக்கும்.

தொடர் 1980 ஜனவரியில் முடிந்துபோனது. ஆனால் மறுஒளிபரப்புகளில் அதைப் பிடித்துக்கொண்டது பொம்மை வயதைத் தாண்டிய கூட்டம். மேல்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்கள். அதே ஆண்டு ஜூலையில் பன்டாய் நிறுவனம் ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாதிரிகளை வெளியிட்டது. சிறியது 300 யென். கடை வாசல்களில் வரிசை நின்றது. 1981, 82இல் தொடரைச் சுருக்கி மூன்று திரைப்படங்களாக வெளியிட்டார்கள். 1981 பிப்ரவரியில் அதற்காக டோக்கியோவின் ஷின்ஜுகுவில் கூடிய இளைஞர் கூட்டத்தின் முன் அனிமேயின் புதிய யுகம் பிறந்துவிட்டதாக ஓர் அறிக்கையே வாசிக்கப்பட்டது. பையனுக்குப் பொம்மை வாங்கிக் கொடுக்கும் அப்பாவின் காசு போய், தனக்கே வாங்கிக்கொள்கிற வாலிபனின் காசு உள்ளே வந்தது. கதைகளும் அதற்கேற்ப வளர்ந்தன. பிற்காலத்தின் பெரியவர்களுக்கான அனிமே பலவற்றுக்கும் இந்த இடத்தில்தான் வாசல் திறந்தது என்பது என் கட்சி.

அசையாத ஒரு நிமிடம்

அண்ணன் மகளும் நானும் விடுமுறையில் சேர்ந்து 'எவாஞ்சலியன்' பார்த்தோம். 1995 அக்டோபரில் தொடங்கிய 26 எபிசோடு தொடர், ஹிதேயாகி அன்னோ இயக்கியது. வெளியே பார்த்தால் ரோபோக் கதை, உள்ளே தன்னைத் தானே சகித்துக்கொள்ள முடியாத பிள்ளைகளின் கதை. அதன் தயாரிப்பில் முன்னால் நின்றது ஓர் இசைத்தட்டு நிறுவனம். 24ஆவது எபிசோடின் முடிவில் ஒரு காட்சி வருகிறது. நாயகன் ஓட்டும் ராட்சதத்தின் கைப்பிடிக்குள் அவன் நேசித்த ஒருவன். நசுக்க வேண்டும் அல்லது விட வேண்டும். திரையில் அந்தக் கை, அந்தத் தலை, அவ்வளவுதான். எதுவும் அசையவில்லை. ஏறக்குறைய ஒரு நிமிடம். அவள் இணைய இணைப்பு போய்விட்டதென்று நினைத்துக் கைப்பேசியை எடுத்துவிட்டாள். ஆனால் பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி ஓடிக்கொண்டே இருந்தது. இணைப்பு போயிருந்தால் பாட்டும் நின்றிருக்க வேண்டும். கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள். நானும் பேசவில்லை.

எபிசோடு முடிந்ததும் கேட்டாள்: "இதுவும் காசு இல்லாததால்தானா, அத்தை?"

கேட்ட விதத்தில் குத்தல் இருந்தது. என் கட்சிப்படி பதில் "ஆமாம்" என்றுதான் இருக்க வேண்டும். ஆதாரமும் இருக்கிறது. தொடரின் பிற்பகுதியில் ஸ்டுடியோ நேரத்தோடும் வளத்தோடும் மல்லுக்கட்டியது ஊரறிந்தது. கடைசி இரண்டு எபிசோடுகளில் அசையாத படங்களும், எழுத்துப் பலகைகளும், பென்சில் கோட்டோவியங்களும்தான் பெரும்பகுதி. ஆனாலும் எனக்கு "ஆமாம்" என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அசையாமை அனிமேக்குள் வந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். படக்கதை ஓவியர் ஒசாமு தெசுகா 1963 ஜனவரி 1 அன்று 'அஸ்ட்ரோ பாய்' தொடரை ஒளிபரப்பத் தொடங்கினார். வாரம் அரை மணி நேரம். வினாடிக்கு 24 பிரேம்கள் ஓடும் படத்தில் ஒவ்வொரு ஓவியத்தையும் மூன்று பிரேமுக்கு நிறுத்தினால் வினாடிக்கு எட்டு ஓவியம் போதும். பேசும்போது வாய் மட்டும் அசைந்தால் போதும். பறக்கும் காட்சியை ஒருமுறை வரைந்து பத்திரப்படுத்தினால் பல வாரம் ஓட்டலாம். அப்படியும் செலவுக்கும் குறைவான விலைக்கே தொலைக்காட்சிக்கு விற்றார். சாக்லெட் டப்பாவில் வந்த ஸ்டிக்கர்கள் முதலான வியாபாரத்தால்தான் ஈடுகட்டினார். அன்று போட்ட மலிவு விலைதான் வரைகிறவர்களின் கூலியை இன்றுவரை கீழே இழுக்கிறது என்று தெசுகாவைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. 1989இல் அவர் இறந்தபோது, எல்லோரும் புகழ்ந்துகொண்டிருக்கையில் இயக்குநர் ஹயாவோ மியாசாகி அந்தக் குற்றச்சாட்டை வெளிப்படையாகவே எழுதினார். மியாசாகி வளர்ந்தது தோயே ஸ்டுடியோவில், முழு அசைவோடு திரைப்படம் எடுத்த பள்ளியில். அவருடைய கோபம் நியாயமானதே.

ஆனால் தெசுகாவின் அந்தச் சிக்கனக் கூடத்தில் வேலை கற்ற இளைஞர்களில் இருவரைப் பாருங்கள். ஒருவர் மேலே சொன்ன தொமினோ. இன்னொருவர் ஒசாமு தெசாகி. ஒரு பாத்திரத்தின் உணர்ச்சி உச்சத்தைத் தொடும் நொடியில் தெசாகி அசைவை நிறுத்திவிடுவார். அதுவரை சமதளமாக இருந்த படம் தீட்டிய ஓவியமாக மாறி, கோடுகள் தடித்து, சற்று நேரம் அப்படியே நிற்கும். குத்துச்சண்டைக் கதையான 'அஷிதா நோ ஜோ'விலும் பிறகு வந்த 'வெர்சாய் ரோஜா'விலும் இதைப் பார்க்கலாம். பணம் மிச்சம் பிடிக்கப் பிறந்த உத்தி, அவர் கையில் பெருமூச்சாக மாறிவிட்டது. அன்னோவின் கதை இன்னும் விசேஷம். மியாசாகியின் 'நௌசிகா' படத்தில், உருகிக்கொண்டே எழுந்து வந்து தீ உமிழும் ராட்சத வீரனின் காட்சியை வரைந்த இளைஞர் அவர். வெடிப்பையும் சிதறலையும் வரைவதில் அவருக்கு இணை குறைவு. அசைவின் உச்சம் எது என்று கையால் அறிந்தவர் ஒரு நிமிடம் எதையும் அசைக்காமல் வைத்திருக்கிறார் என்றால், அதை வறுமையின் கணக்கில் மட்டும் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. பணம் தாராளமாக இருந்திருந்தால் அந்த நிமிடம் இருந்திருக்குமா என்று திருப்பிக் கேட்டாள் அவள். அதற்கும் பதில் இல்லை.

நள்ளிரவும் வேற்றுலகமும்

எவாஞ்சலியன் முதலில் வந்தது மாலை ஆறரைக்கு. 1997இல் அதை நள்ளிரவில் மறுஒளிபரப்பியபோது கிடைத்த வரவேற்பு, விழித்திருந்து பார்க்க ஆளிருக்கிறது என்று தொலைக்காட்சிக்காரர்களுக்குப் புரிய வைத்தது. அதன்பின் இரவுநேர அனிமே பெருகியது. சில நிறுவனங்கள் கூட்டாகக் குழு அமைத்துப் பணம் போடும். ஒளிபரப்பு ஒரு விளம்பரம் மாதிரி. உண்மையான வருமானம், இரண்டு மூன்று எபிசோடுகள் அடங்கிய டிவிடி வட்டுகளை ஐயாயிரம் யென்னுக்கும் மேல் கொடுத்து வாங்கும் தீவிர ரசிகர்களிடமிருந்து. பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்காவிட்டாலும் சிலருக்கு வெறியாகப் பிடித்தால் போதும் என்ற நிலை. விநோதமான முயற்சிகளும் அதிலிருந்து வந்தன, அசட்டுத்தனங்களும் வந்தன. தமிழில் பேசி நம் திரையரங்குகளுக்கு வந்த 'டீமன் ஸ்லேயர்' கூட ஜப்பானில் 2019இல் நள்ளிரவுத் தொடராகத் தொடங்கியதே.

இசெகாய் பற்றி நீட்டி எழுதும் பொறுமை எனக்கில்லை. யார் வேண்டுமானாலும் நாவல் எழுதிப் போடலாம் என்று 2004இல் 2004இல் தொடங்கிய ஒரு ஜப்பானிய இணையதளம் உண்டு. அங்கே வாசகர் குவிந்த கதைகளைப் பதிப்பகங்கள் புத்தகமாக்க, புத்தகம் விற்றதை அனிமே ஆக்கினார்கள். ஆபத்தில்லாத முதலீடு. கதைச் சுருக்கம் முழுவதும் தலைப்பிலேயே இருப்பது ஏன் என்று கேட்காதீர்கள். ஆயிரக்கணக்கான தலைப்புகளுக்கு நடுவில் வாசகன் கண்ணில் பட வேண்டாமா?

இதற்கு நேரெதிர் ஓரத்தில் 'சசாயே-சான்' இருக்கிறது. 1969 அக்டோபரிலிருந்து ஞாயிறு மாலை ஆறரைக்கு, ஒரு கூட்டுக் குடும்பம், ஒருவருக்கும் வயது ஏறுவதில்லை, பெரிய அசம்பாவிதம் எதுவும் இல்லை. 2018வரை ஏறக்குறைய அரை நூற்றாண்டு அதன் விளம்பரதாரர் தோஷிபா. ஜப்பானில் தெரியாதவர் இல்லை. வெளிநாட்டு ரசிகர் பட்டியல்களில் தேடினால் கிடைக்காது.

தொடங்குவதென்றால்

ஒரு மாலை மட்டும் இருக்கிறது என்றால் மியாசாகியின் 'டொடோரோ'. 1988 ஏப்ரலில் அது வெளிவந்ததே ஒரு பணக்கதைதான். இரண்டு சிறுமிகளும் ஒரு காட்டுப் பூதமும் என்ற யோசனைக்குத் தனியாகப் பணம் போட முதலாளிகள் தயங்க, இசாவோ தகஹாதாவின் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' படத்தை அதன் மூலச் சிறுகதையை வெளியிட்ட பதிப்பகமே தயாரிக்க முன்வர, இரண்டையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்து ஓட்டினார்கள். போரில் அநாதையான இரண்டு குழந்தைகள் பட்டினி கிடப்பதை அடுத்தடுத்துப் பார்த்த குடும்பங்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். நீங்கள் அதே இரவில் இரண்டையும் பார்க்காதீர்கள்.

சில வாரங்கள் கைவசம் இருந்தால் 2005இன் 'முஷிஷி', 26 எபிசோடுகள். ஒவ்வொன்றும் தனிக்கதை, எங்கிருந்தும் தொடங்கலாம், சண்டை இல்லை. விறுவிறுப்பு வேண்டுமென்றால் பள்ளி வாலிபால் கதையான 'ஹைக்யூ!!'. அஞ்சலட்டைப் பத்திரிகை என்று நான் கிண்டல் செய்த அதே ஜம்ப்பில் வந்ததுதான், இரவு இரண்டு மணிவரை நிறுத்த முடியாமல் பார்த்தேன். எவாஞ்சலியனை முதலில் தொடவேண்டாம். ரோபோக் கதைகள் கொஞ்சம் பழகிய பிறகு பார்த்தால்தான் அது எதை உடைக்கிறது என்று தெரியும். குண்டத்துக்கு அந்த மூன்று திரைப்படங்களே போதும். ஜி-ஆர்மரை அவற்றில் தேடாதீர்கள். விளம்பரதாரர் விலகியதும் தொமினோ செய்த முதல் வேலைகளில் ஒன்று, அதை வெட்டி எறிந்தது.

அண்ணன் மகள் இப்போது 'வெர்சாய் ரோஜா'வில் இருக்கிறாள். நாற்பது எபிசோடு தொடர், வேறொருவர் தொடங்கியதை நடுவழியில் தெசாகி ஏற்று நடத்தினார். எந்த இடத்தில் கை மாறியது என்பதை அவளிடம் சொல்லவில்லை. கண்டுபிடித்துச் சொல் என்று பந்தயம் கட்டியிருக்கிறேன்.